விடுநிலத்தின் மறுகேள்வி

கருந்தாரை ஆறு தோன்றும் மலையிலிருந்து அது கடல் சேரும் மணல்வரை ஒரு குடைக்கீழ்க் காக்கும் நீலவேலி நாட்டின் கோப்பெருந்தேவி உலகநங்கை, கொன்றையூர்ப் பெருமன்றத்தில் அமர்ந்து எழுதுவித்த ஓலை. கீழைக்கோட்டத்தை நம் பெயரால் ஆளும் அதிபதியும், தலைமுறை தலைமுறையாக இந்த அரியணைக்கு வாள்துணை நின்ற குலத்தின் மூத்தவருமான கடம்பரையர் கண்டு அறிவாராக. உம் கோட்டை உயர்ந்து நிற்க. உம் களஞ்சியம் நிறைக. உம் கோட்டத்துக் கரைகள் உடையாது நிற்க. இந்தக் கடைசி வாழ்த்தை வழக்கத்துக்காகச் சொல்லவில்லை என்பதை ஓலை முடியுமுன் நீர் உணர்வீர்.

எழுத வேண்டியதைச் சில வரிகளில் எழுதிவிடலாம். ஆனால் ஒரு சொல்லைச் சுருக்கி எழுதியதால் வந்த கேடு இது என்பதால், நடந்ததை நடந்தபடியே விரித்து எழுதச் சொன்னோம். குடிகள் பேசியதைக் குடிகள் பேசியபடியே எழுதச் சொன்னோம். அரண்மனைத் தமிழில் அழகுபடுத்தினால் மறுபடியும் அதே பிழை நேரும். ஆகவே ஓலையில் கொச்சை கண்டு முகம் சுளிக்காது படிப்பீராக.

ஒரு நிலம் இன்று எதற்காக இருக்கிறதோ அதை விட்டு வேறொன்றாக மாறுமுன், மேய்ச்சல்வெளி வயலாகவோ, காடு சாலையாகவோ, ஏரிக்கரை சந்தையாகவோ ஆகுமுன், அதைச் சுற்றி வாழ்வோரைக் கூட்டிக் கேட்க வேண்டும் என்பது நம் தந்தையார் வைத்த முறை. கேட்பதற்கென அரண்மனை அனுப்பும் அதிகாரியை நிலங்கேட்பான் என்கிறோம். அந்தப் பொறுப்பில் இருப்பவர் மருதன் சேந்தன். அவரை நீர் அறிவீர். நரைக்கத் தொடங்கிய மீசையும், அச்சில் வார்த்தது போன்ற கையெழுத்தும், எவரிடமும் குரல் உயர்த்தாத இயல்பும் உடையவர். அவருக்கு ஒரு பெருமை இருந்தது. தாம் நடத்திய கேள்விகளில் ஒன்றில்கூட இதுவரை சச்சரவு எழுந்ததில்லை என்பார். அதைத் தம் திறமை என்று நம்பியிருந்தார். நாமும் அப்படியே நம்பியிருந்தோம்.

கடந்த பங்குனியில், கடல் கொண்டுபோன உப்பளங்களின் குடிகளை எங்கே குடியமர்த்துவது என்று நாம் கேட்டபோது, கருந்தாரைக்கும் தாழைக்குறிச்சி என்னும் ஊருக்கும் நடுவே பயிரின்றிக் கிடக்கும் விடுநிலத்தில் ஒரு நகர் எடுக்கலாம் என்று நீர் எழுதினீர். அதற்குக் கடம்பபுரம் என்று உம் குலத்தின் பெயரைச் சூட்டவும் அனுமதி கேட்டீர். அள்ளி எடுக்க ஆளில்லாத நல்ல நிலம், ஆற்றோரம், சாலைக்கும் அருகு. ஏற்றுக்கொண்டோம். முறைப்படி கேள்வி நடத்தச் சேந்தனை அனுப்பினோம்.

கேள்வி அந்நிலத்தில் நடக்கவில்லை. வெயில் கடுமை என்று சொல்லி, மேட்டின்மேல் உம் கோட்டையின் வெளிமண்டபத்தில் நடத்த நீர் ஏற்பாடு செய்தீர். தாழைக்குறிச்சியார் விடியுமுன் புறப்பட்டு நடந்து, உச்சிப்பொழுதில் வந்து சேர்ந்தனர். மாடு கறப்பவர்கள் வரவில்லை. பெண்கள் வரவில்லை. வந்தவர்களும் மண்டபத்தின் படிகளுக்குக் கீழே நின்றனர். மேலே விரித்த பாயில் உம் ஆட்கள் அமர்ந்திருந்தனர். அன்று சேந்தனுக்கு அதற்கு முன்பும் வேறு ஊர்களின் கேள்விகள் இருந்தன. முரசு கொட்டியது. அவர் எழுந்து, விதித்த நடையில், விடுநிலத்தில் உப்பளத்தாரைக் குடியேற்றி நகர் எடுக்கத் திருவுள்ளம் என்றும், ஊரார் கருத்து யாது என்றும் வாசித்தார்.

ஊரார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். முன்னால் நின்ற ஒருவர் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு சொன்னார்.

“இருக்கட்டும் அய்யா.”

பின்னாலிருந்து இன்னும் சிலர் அதையே சொன்னார்கள். “ஆமா, இருக்கட்டும்.” “அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

சேந்தன் மகிழ்ந்தார். எழுத்தாணியை எடுத்து, ஊரார் ஒருமனதாக இசைந்தனர் என்று எழுதினார். உம் ஆட்கள் எல்லோருக்கும் பானகம் கொடுத்தார்கள். ஊரார் குடித்துவிட்டு வந்த வழியே நடந்து போனார்கள். கேள்வி முடிந்தது. சித்திரையில் அளவுகோல் போட்டார்கள். ஆனியில் உப்பளத்தார் தங்கள் சட்டிபானைகளோடு வந்து இறங்கினார்கள்.

ஆவணியில் புதுநகரைப் பார்வையிடச் சேந்தன் மறுபடியும் வந்தார். வழியில் தாழைக்குறிச்சித் துறையில் வந்து நின்றபோது அவருக்கு ஒன்று விந்தையாகப் பட்டது. துறையில் படகு ஒன்றுகூட இல்லை. ஆறோ ஒடுங்கி, மணல் தெரிய ஓடிக்கொண்டிருந்தது. படகுகளைத் தேடி ஊருக்குள் நடந்தவர், அவற்றை வீடுகளின் கொல்லைப்புறத்தில் கண்டார். ஆற்றிலிருந்து கூப்பிட்டால் கேட்காத தூரத்தில், எருமைக்கொட்டிலுக்கும் வைக்கோற்போருக்கும் நடுவே, ஒவ்வொரு வீட்டின் பின்னும் ஒரு படகு மரத்தில் கட்டிக் கிடந்தது. கயிறு நீளமாக விடப்பட்டிருந்தது. கட்டியவர்களில் எவரும் அதைப்பற்றிப் பேசவில்லை. அவர் கேட்டதற்கு, “சும்மாதான்” என்றார்கள்.

பசிநேரம் ஆகிவிட்டதால் மாசாத்தி என்பவள் தன் வீட்டில் இலை போட்டாள். அவள் எருமை வைத்துப் பிழைப்பவள், கணவனை இழந்தவள், ஊரில் யாரையும் விட்டுவைக்காத வாய்க்காரி. கெளுத்தி மீன் குழம்பு ஊற்றினாள். சேந்தன் நன்றாகச் சாப்பிட்டார். அவள் மறுபடியும் அகப்பையோடு குனிந்தபோது, இலைக்கு மேலே கையைக் குறுக்கே வைத்துச் சொன்னார்.

“இருக்கட்டும் தாயே.”

அவள் அகப்பையைச் சட்டிக்குள் போட்டாள். வாசலில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

“கேட்டீகளா, அய்யாவுக்கு நம்ம பேச்சு வந்துட்டு.”

என்ன பேச்சு என்று சேந்தன் கேட்டார்.

“இப்ப நீங்க இருக்கட்டும்னு சொன்னீக. நான் கையை இழுத்துக்கிட்டேன். மேல ஊத்தலை. பங்குனியில எங்க ஆளுக உங்ககிட்ட இருக்கட்டும்னாக. நீங்க ஊரையே கட்டிட்டீக.”

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். சேந்தனின் கை இலைக்கு மேலேயே நின்றுவிட்டது. அவர் தம் வாயால் இப்போதுதான் சொன்ன சொல். கொன்றையூரில் பந்தியில் அமர்ந்து எத்தனையோ முறை அதே பொருளில் சொன்ன சொல். போதும், வேண்டாம், உள்ளபடியே விடுங்கள். ஆனால் கேள்வி மண்டபத்தில் கேட்டபோது அது அவர் காதில், அப்படியே ஆகட்டும் என்று விழுந்தது. விழவேண்டும் என்று அவர் எதிர்பார்த்தபடியே விழுந்தது.

“வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே” என்றார்.

“அரமனை கேக்கும்போது மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொல்லுவாகளா? இருக்கட்டும்னா, இருக்கிறபடி இருக்கட்டும். பிள்ளைகூடப் புரிஞ்சுக்கும். இது தெரியாமலா எங்களைக் கேக்க வந்தீக?”

“கட்டத் தொடங்கியபோதாவது வந்து சொல்லக் கூடாதா?”

“எதுக்கு வரணும்? கேக்கிறது ஒரு சடங்கு, கட்டுறது ஒரு சடங்குன்னு நெனைச்சோம். பொண்ணு பாக்க வந்து பொண்ணைக் கேக்கிற மாதிரி. அவ என்ன சொன்னாலும் தாலி கட்டத்தான போறாக.”

இந்த இடத்தில் நாம் ஓலை எழுதுவதை நிறுத்தச் சொல்லி, ஒரு பொழுது எழுந்து நடந்தோம் என்பதை நீர் அறிய வேண்டும். பிழையாகக் கேட்டோம் என்பது ஒன்று. கேட்பதே பொய் என்று ஓர் ஊர் முழுவதும் அமைதியாக நம்பிக்கொண்டிருந்தது என்பது வேறு. சச்சரவே எழாத கேள்விகள் என்று நாம் மெச்சிய கேள்விகளில், இன்னும் எத்தனை ஊர்கள் இப்படிச் சொல்லிவிட்டுப் பானகம் குடித்துத் திரும்பினவோ அறியோம்.

சேந்தன் இலையை மடக்காமல் கேட்டார். அந்த நிலத்தை ஏன் விட்டு வைத்திருந்தீர்கள்?

“அது ஆறு படுக்கிற எடம்” என்றாள் மாசாத்தி. அடுப்படியில் ஏதோ எடுக்கத் திரும்பியவள் திரும்பாமலே சொன்னாள். “எல்லா வருசமும் வராது. எந்த வருசம் வருதோ அந்த வருசம் வந்து படுக்கும். நம்ம நிக்கிற எடத்துக்கு மேல படுக்கும்.”

“இந்த வருடம்?”

“எங்களுக்கு என்ன தெரியும். படகைக் கொல்லையில கட்டியிருக்கோம். அம்புட்டுதான்.”

“அங்கே குடிவந்தவர்களிடம் சொன்னீர்களா?”

வாசலில் எழுந்த சிரிப்பு நின்றுவிட்டது. அங்கே நின்ற ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்.

“அவுக கடம்பரையர் கொண்டாந்து வச்ச ஆளுக. நாங்க போயிச் சொன்னா, எடத்தைப் பறிக்கப் பாக்கோம்னு நெனைப்பாக. அதான், இருக்கட்டும்னு விட்டுட்டோம்.”

சேந்தன் கைகழுவிவிட்டு அன்றே விடுநிலத்துக்கு நடந்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தெருக்கள் நேராக இருந்தன. உம் பெயர் பொறித்த கல் நுழைவாயிலில் நட்டிருந்தது. அடுப்புகள் எரிந்தன, பிள்ளைகள் ஓடி விளையாடினர், எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தன. ஆனால் ஆடியில் எழுப்பிய மண்சுவர்களை அவர் விரலால் தொட்டுப் பார்த்தபோது, விரல் பதிந்தது. பகல் முழுவதும் வெயில் காய்ந்திருந்தது. சுவர் காயவில்லை. ஒரு வீட்டில் பந்தற்கால் நடக் குழி தோண்டியிருந்தார்கள். குழியில் பாதிவரை நீர் நின்றது. மேலிருந்து வந்த நீர் அன்று. அடியிலிருந்து ஊறி வந்தது.

உப்பளத்தாரின் தலைவன் வேம்பன் அவரைக் கண்டு வந்தான். கடல்வெயிலில் உரிந்த தோளும், எதையும் பாதி கேலியாகவே பேசும் பழக்கமும் உள்ளவன்.

“வாரும் வேய். எங்க அரண்மனையைப் பாக்க வந்தீரா? சுவரைத் தொடாதேயும், கை ஒட்டிக்கிடும்.”

சேந்தன் தயங்காமல் எல்லாவற்றையும் சொன்னார். இது ஆறு படுக்கும் நிலம் என்றார். ஊரார் மறுத்ததைத் தாம் இசைவு என்று எழுதிவிட்டதாகச் சொன்னார். ஐப்பசிக்கு முன் எல்லோரும் மேட்டுக்குப் போய்விட வேண்டும் என்றார். வேம்பன் கேட்டுக்கொண்டே இருந்தான். கேலி மெல்ல அவன் முகத்தைவிட்டு இறங்கியது.

“அவுகளைக் கேட்டீரு. தப்பாக் கேட்டீரு, சரி, கேட்டீரு. எங்களைக் கேட்டீரா? இங்க வந்து படுக்கப்போறது நாங்க. எங்ககிட்ட ஒரு வார்த்தை, இந்த மண்ணு உங்களுக்கு ஆகுமான்னு?”

முறையில் அதற்கு இடம் இல்லை. நிலத்தைச் சுற்றி இருப்போரைக் கேட்கச் சொன்ன நம் தந்தையார், அதன்மேல் வந்து வாழப்போவோரைக் கேட்கச் சொல்லவில்லை.

“கடல் எங்க வீட்டைத் தின்னுச்சு. கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுச்சு, நாங்க பாத்துக்கிட்டே இருந்தோம். தண்ணி எப்பிடி வரும்னு எங்களுக்கு நீரு சொல்ல வேண்டாம். கிணத்துத் தண்ணி ருசி மாறி ஒரு மாசம் ஆச்சு. எங்க பொம்பளைக மோந்து பாத்துட்டுத்தான் குடத்தைத் தூக்குதாக.”

“தெரிந்துமா இருக்கிறீர்கள்?”

“எங்க போவச் சொல்லுதீரு? ராத்திரி அடுப்பு எரியாத வீடு வேற ஆளுக்குப் போயிரும்னு கடம்பரையர் உத்தரவு. ஆளை விட்டுத் தெருத்தெருவாப் பாக்காக. மேட்டுல எடம் கொடும், இப்பவே அடுப்பைத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டு வாரேன். கொடுப்பீரா?”

அதற்குத் தமக்கு அதிகாரம் இல்லை, மேலிடத்தில் கேட்டு வருவதாகச் சேந்தன் சொன்னார்.

“கேட்டுக்கிட்டே இரும்” என்றான் வேம்பன். “ஒம்ம பேரே அதானே.”

சேந்தன் மறுநாள் உம் கோட்டைக்கு ஏறி வந்து உம்மைக் கண்டார். நீர் அவரை நன்றாகவே வரவேற்றீர், அமரச் செய்தீர், குறைவின்றி உபசரித்தீர். அதன்பின் நீர் சொன்னதாக அவர் நம்மிடம் கூறியவற்றை இங்கே வைக்கிறோம். பிழையிருந்தால் நீரே திருத்தலாம். குடிகள் இசைந்தனர் என்று எழுதியவர் சேந்தனே என்றும், எழுதிய கையே அதை மறுப்பது அரண்மனைக்கு அழகன்று என்றும் சொன்னீர். முடிந்த கேள்வியை மறுபடி திறக்கலாகாது என்று நம் தந்தையாரின் விதி இருப்பதைச் சுட்டிக்காட்டினீர். அது உண்மையே. ஒரு பெண்பிள்ளை மீன்குழம்பு ஊற்றும்போது சொன்ன பேச்சுக்காக ஒரு நகரைக் கலைக்க முடியாது என்றீர். அந்நிலத்தில் நீர் ஏறியதாக உம் குலத்தார் எவரும் சொன்னதில்லை என்றும், உம் கோட்டையின் தரையைவிட அந்தத் தரை உறுதியானது என்றும் சொன்னீர். உம் குலத்தார் எக்காலத்தும் மேட்டில்தான் வாழ்ந்தார்கள் என்று சேந்தன் அப்போது நினைத்ததாகவும், ஆனால் சொல்லவில்லை என்றும் நம்மிடம் ஒப்புக்கொண்டார்.

அங்கிருந்து குதிரை மாற்றி மாற்றி ஓட்டி அவர் கொன்றையூர் வந்தார். மன்றத்தில், நம் முன்னும் அமைச்சர்கள் முன்னும், தாம் எழுதிய ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் உள்ள ஒரு சொல் பொய், அதை எழுதியவன் நான் என்று சொன்னார். மூத்த அமைச்சர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். முடிந்த கேள்வி திறக்கப்படுமானால், நாட்டில் எந்த நிலமும் நிலையாக இராது, தோற்றவன் ஒவ்வொருவனும் நாளை வந்து என் சொல்லைத் தவறாக எழுதினார்கள் என்பான் என்று எடுத்துரைத்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நம் தந்தையார் அந்த விதியை வைத்ததே, செல்வர்கள் தோற்ற வழக்கை ஆண்டாண்டாகக் கிளறி ஏழைகளை அலைக்கழித்ததால்தான். நல்லதற்காக வைத்த கதவு. இப்போது அது பூட்டிய வீட்டுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள்.

சேந்தன் வாதாடவில்லை. ஒன்றை மட்டும் கேட்டார். நிலங்கேட்பான் தவறாகக் கேட்டுவிட்டால், அந்த நிலத்துக்குத் தன் வாயால் சொல்லும் வழி ஒன்று உண்டு. அது சொல்லும்போது அங்கே யார் இருக்க வேண்டும் என்று இந்த மன்றம் நினைக்கிறது என்று கேட்டார்.

நாம் யோசித்து மறுநாள் சொல்வதாகக் கூறினோம். மறுநாள் அவரை அழைக்க ஆள் அனுப்பியபோது அவர் புறப்பட்டுப் போயிருந்தார். நம்மிடம் விடைபெறவும் இல்லை. உம் புதுநகரில் பந்தற்கால் நட முடியாமற் போன அந்த வீட்டிலேயே, அந்தக் குடும்பத்தோடு தங்கியிருக்கிறார் என்று ஒற்றர் சொல்கிறார்கள். பகலில் வீடு வீடாகப் போய், இங்கே இருக்க உங்களுக்குச் சம்மதமா என்று அவர்கள் பேச்சிலேயே கேட்டு, அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே எழுதுகிறாராம். பொழுது சாய்ந்தபின் ஆற்றங்கரைக்குப் போய் நிற்கிறாராம். ஆறு ஓசையின்றி ஓடுகிறது என்று ஒற்றர் சொன்னார்கள். நம் மலையில் மழை தொடங்கிவிட்டது. அது அங்கே வந்துசேரச் சிறிது காலமே ஆகும்.

ஆதலால், கடம்பரையரே, நாம் கட்டளையிடுவதைக் கேளும்.

இன்று முதல் நீலவேலி நாட்டில் நிலக்கேள்வி எதுவும் அந்த நிலத்தின்மேல் அன்றி வேறிடத்தில் நடக்கலாகாது. கோட்டை மண்டபத்திலோ, நிழலுக்காக வேறோர் ஊரிலோ நடந்தால் அது கேள்வி அன்று, கூட்டம். ஆற்றோர நிலத்தை மழைக்காலத்திலும், மேய்ச்சல் நிலத்தை மாடுகள் மேயும் காலத்திலும், காட்டை அங்கு விறகும் தேனும் எடுப்போர் உள்ளே இருக்கும் காலத்திலும் கேட்க வேண்டும். நிலம் தன் இயல்பைக் காட்டாத மாதத்தில் குடிகளைக் கேட்பது, உறங்குகிறவரிடம் கேட்பதற்கு ஒப்பு. வந்தவரை மட்டும் கேட்பது போதாது. மாடு கறப்பவரையும், பெண்களையும், கூலிக்கு நிற்போரையும் நிலங்கேட்பான் தாமே தேடிப்போய்க் கேட்க வேண்டும். அந்த நிலத்தின்மேல் வந்து வாழப்போவோரை முதலில் கேட்க வேண்டும். அங்கே அவர்கள் வாழ்வார்கள், நாம் வாழமாட்டோம்.

மௌனத்தை இசைவு என்று எழுதலாகாது. இருக்கட்டும், ஆகட்டும், பார்க்கலாம், உங்கள் விருப்பம் என்னும் சொற்களையும் இசைவு என்று எழுதலாகாது. குடிகள் எந்தச் சொல்லைச் சொன்னார்களோ அந்தச் சொல்லையே எழுதி, அதை அவர்களுக்கே வாசித்துக்காட்டி, இதற்கு என்ன பொருள் என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதால் நிலங்கேட்பானின் மதிப்பு குறையுமென்று எவரேனும் சொன்னால், அவர் அந்தப் பதவிக்கு உரியவர் அல்லர்.

முடிந்த கேள்வி திறக்கலாகாது என்ற நம் தந்தையாரின் விதியை, அவர் ஆவி நம்மைப் பொறுத்தருள, இந்த ஓலையால் நீக்குகிறோம். உயிருக்குக் கேடு வரும் நிலத்தில் எந்தக் கேள்வியும் முடிந்ததாகாது. விடுநிலத்தின் கேள்வி இன்று மறுபடி திறக்கிறது. மறுகேள்வியை நடத்துவோன் மருதன் சேந்தனே. தவறாகக் கேட்டவரை ஏன் மறுபடி அனுப்புகிறீர் என்று மூத்த அமைச்சர் வினவினார். இந்த நாட்டில் அந்தச் சொல்லின் பொருளைத் தவறாமல் அறிந்த அதிகாரி இப்போது அவர் ஒருவரே என்று விடை சொன்னோம்.

மறுகேள்வி முடியும் வரையும், ஐப்பசி கார்த்திகை மழை கழியும் வரையும், கடம்பபுரத்துக் குடிகள் ஒருவரும் அங்கே இராது மேட்டுக்கு ஏற வேண்டும். அடுப்பு எரியாத வீடு பறிபோகும் என்ற உம் உத்தரவை இந்த நொடியே தள்ளுகிறோம். அவர்கள் வீடும் மனையும் அவர்களுடையவை. நீரில் கரைந்தால் மேட்டில் அதற்கு ஈடான மனை உம் சொந்த நிலத்திலிருந்து அளக்கப்படும். தாழைக்குறிச்சியார் தங்கள் படகுகளை அவர்களுக்குக் கொடுத்து உதவ வேண்டும் என்று அவ்வூருக்கும் தனியே எழுதியிருக்கிறோம். சொல்லாமல் விட்டதற்கு அவர்களும் விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

மேட்டில் இடம் எங்கே என்று நீர் கேட்கலாம். அதையும் யோசித்தோம். கீழைக்கோட்டத்தில் அத்தனை குடிகளையும் ஒரே நாளில் ஏற்கக்கூடிய கூரையும், களஞ்சியமும், கிணறும் உள்ள இடம் ஒன்றே உண்டு. அது உம் கோட்டை. அதன் வாயில்களைத் திறந்து, உள்மண்டபங்களையும் அந்தப்புரத்தையும் அவர்களுக்கு விடுக. வேம்பன் என்பவன் தன் அடுப்பைத் தலையில் வைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். அவன் வந்தால், அதை இறக்கிவைக்க நல்ல இடமாகக் காட்டச் செய்க.

கோட்டையை அவர்களுக்கு விட்டுவிட்டு நீர் எங்கே தங்குவது என்னும் ஐயம் உமக்கு எழலாம். அதில் நமக்கு ஐயமில்லை. உம் கோட்டைத் தரையைவிட உறுதியான தரை எது என்று நீரே நம் அதிகாரியிடம் சொல்லியிருக்கிறீர். உம் சொல்லை நாம் முழுமையாக ஏற்கிறோம். இந்த ஓலை கண்ட அன்றே புறப்பட்டு, உம் பெயர் பொறித்த கல்லைக் கடந்து, கடம்பபுரத்தில் குடியேறுக. வீடுகள் பல காலியாக இருக்கும்; விரும்பியதை எடுத்துக்கொள்க. மழைக்காலம் கழியும் வரை அங்கேயே உண்டு, அங்கேயே உறங்குக. சேந்தன் உமக்கு அண்டைவீட்டில் இருப்பார். மறுகேள்வியில் அந்த நிலத்தின்மேல் வாழ்பவராக முதலில் உம்மையே அவர் கேட்பார். நீர் சொல்லும் சொல்லைச் சொன்னபடியே எழுதுவார்.

உம் தேவியாரையும் மக்களையும் உடன் அழைத்துச் செல்வதும், கோட்டையில் குடிகளோடு விட்டுச் செல்வதும் உம் விருப்பம். அதில் நாம் கட்டளையிடவில்லை. அந்த நிலத்தை நீர் உள்ளபடி எவ்வளவு நம்புகிறீர் என்பதை, நீர் எதைத் தேர்ந்தீர் என்பது நமக்குச் சொல்லும்.

நம் கொன்றைமலர் முத்திரை இட்டு, நம் கையால் சுருள் கட்டி, இந்த ஓலையை விடுத்தோம். இதை எழுதிய ஓலைநாயகமும், கேட்டிருந்த அமைச்சர் நால்வரும் சாட்சி. கருந்தாரையும் சாட்சி.

இதற்கு மறுமொழி எழுத வேண்டா. ஓலை கொண்டுவரும் குதிரைவீரர் உம் வாயிலில் நிற்பார்கள். நீர் படியிறங்கிக் கீழே நடக்கத் தொடங்கும் வரை அவர்கள் சேணத்தைக் கழற்ற மாட்டார்கள்.